வட்டத்துக்குள் ஒரு புள்ளி

சலவைக்கடைக்காரரின் மனைவிக்குக் கை சும்மா இருக்காது. துணி என்று ஒன்று எதிரில் வந்துவிட்டால் போதும், அதன் மூலையைப் புரட்டி, குச்சியை மையில் தோய்த்து, ஒரு குறி போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. லாட்ஜ் துணிக்கு வட்டத்துக்குள் புள்ளி, டாக்டர் வீட்டுக்கு இரண்டு கோடு, ஜவுளிக்கடைக்காரருக்குப் பெருக்கல் குறி. ஒருமுறை தன் கணவரின் கைக்குட்டைகளுக்கே டாக்டர் வீட்டுக் குறியைப் போட்டுவிட, அவை அங்கே போய்ச் சேர்ந்து, அவர் மூன்று நாள் முழங்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அலைந்தார். அந்த மை வெந்நீருக்கும் அசையாது, சோப்புக்கும் அசையாது. கடைக்கு வருகிறவர்களிடம் இருவரும் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

கீழே கடை. நடுவில் அவர்கள் வீடு. மொட்டை மாடியில் துணி காயும் கொடிகள், கொடிகளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஒற்றை அறை. அந்த அறையில் நான்கு வருடமாகக் குடியிருந்தவளை எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் ஆலையில் சட்டைக்குப் பொத்தான் வைப்பது அவள் வேலை. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று சொல்லியிருந்தாள். குழந்தையும் கிடைத்த காகிதத்திலெல்லாம் கப்பல் வரைந்து, "பெரியம்மா, இதுதான் அப்பா ரூம்" என்று சலவைக்கடைக்காரரின் மனைவிக்கு ஜன்னலைத் தொட்டுக் காட்டும்.

ஒரு புதன்கிழமை மதியம், கொடியில் காய்ந்துகொண்டிருந்த லாட்ஜ் ஷீட்டுகளில் ஆறு காணாமல் போயின. சலவைக்கடைக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"மாடிக்கு யாரு வர்றா? நாம வர்றோம், அவ வர்றா. நாம எடுக்கல."

"தெருக்கதவு நாள் பூரா திறந்துதானே கெடக்கு? எவன் வேணா ஏறி வரலாமே" என்றாள் மனைவி. "அவ வேலை முடிஞ்சு வரட்டும். கேட்டுப் பாப்போம்."

"கேட்டா உஷாராயிடுவா. லாட்ஜ்காரன் துணியைத் தொலைச்சேன்னா அப்புறம் எவன் என்கிட்ட துணி போடுவான்? என் வீடு, என் சாவி, என் துணி. யாரு என்னைக் கேக்கறது?"

மாற்றுச் சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. பூட்டைத் திறந்ததென்னவோ அவர்தான். உள்ளே போய்ப் பாயைத் தூக்கிப் பார்த்தார், அடுப்புக்குப் பின்னால் பார்த்தார். மூலையில் இருந்த தகரப் பெட்டியிடம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

"பொம்பள பெட்டி. நான் தொட்டா மரியாதையா இருக்காது. நீயே திற."

மனுஷனுக்கு மரியாதை அந்த இடத்தில்தான் ஞாபகம் வந்தது!

முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணவருக்குப் பயந்து திறந்தேன் என்று பிற்பாடு தனக்குத் தானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அது பாதிதான் உண்மை. உள்ளே என்னதான் வைத்திருக்கிறாள் என்று பார்க்கிற ஆசையும் கொஞ்சம் இருந்தது.

பெட்டிக்குப் பூட்டுக்கூட இல்லை. கதவுக்குத்தான் பூட்டு இருக்கிறதே என்று நம்பியிருக்கிறாள். குழந்தைக்குச் சிறிதாகிப்போன கவுன்கள். மாதத்தின் மூன்று நாளுக்கென்று மடித்து ஒதுக்கி வைத்த துணிகள். அவற்றுக்குக் கீழே ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டு. மேல் உறையில் சிறைச்சாலையின் முத்திரை. அவள் சட்டென்று அதைத் துணிக்கடியில் தள்ளப் பார்த்தாள். அதற்குள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டார்.

"கப்பலாம் கப்பல்!"

கடிதங்களுக்கு அடியில் ஒரு வெள்ளை ஷீட் இருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் மூலையைப் புரட்டியது. வட்டம். உள்ளே புள்ளி.

"போதுமா?" என்றார் அவர். "மத்த அஞ்சையும் வித்துத் தின்னுட்டா."

சாயங்காலம் பொத்தான் பள்ளியிலிருந்து குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தபோது, படிக்கட்டில் அவர் ஷீட்டோடு நின்றிருந்தார். மெதுவாகப் பேசுகிற பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. கடையில் இஸ்திரி போடுகிறவர் வெளியே வந்தார். எதிர்வீடு, பக்கத்துக் கடை, துணி வாங்க வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது.

"புருஷன் ஜெயில்ல, பொண்டாட்டி என் மாடியில! குடும்பத் தொழிலா இது?"

பொத்தான் இரண்டு கையாலும் குழந்தையின் காதுகளைப் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய, சொல் அதற்குள் காதுக்குள் போயாகிவிட்டது.

"அண்ணே, அது என் ஷீட்டு."

"அப்ப இந்தக் குறி எப்படி வந்துச்சு? தானா முளைச்சுதா?"

அவள் அவரைத் தாண்டி, கதவோரம் நின்ற அவர் மனைவியைப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. பாப்பாவுக்கு வாந்தி பேதி ஆனப்ப நீங்கதானே துவைச்சுக் குடுத்தீங்க?"

மனைவிக்கு ஞாபகம் வந்தது. அரைகுறையாக அல்ல, முழுசாக வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, "குடு, நான் போட்டுக்கறேன், நீ குழந்தையைப் பாரு" என்று அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிவந்த ஷீட். லாட்ஜ் மூட்டையோடு சேர்த்துப் போட்டபோது கைப்பழக்கத்தில் அதற்கும் குறி விழுந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது, "போச்சு, இனிமே நீயும் லாட்ஜ் ஆளுதான்" என்று சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த ஷீட் பொத்தானுடையது என்றால், ஆள் இல்லாத நேரத்தில் அவள் பெட்டியைக் குடைந்தவள் யார்? அத்தனை பேர் முன்னால் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. பொத்தான் திருடியாகவே இருந்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்றாள்.

பொத்தான் அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாளைக்கே காலி பண்ணு என்று அவர் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, குழந்தையோடு மேலே போனாள்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி கணவரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப அந்த ஆறு ஷீட்டு எங்க போச்சு?" என்றார், இவளே ஒளித்துவைத்ததைப் போல. பிறகு, "எல்லாரும்தான் கேட்டாச்சு. இப்பப் போயி என்னத்த சொல்றது? விட்டுத் தொலை" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அவளால் விட முடியவில்லை. காலையில் முதல் வேலையாக அந்த ஷீட்டைத் துவைத்து உலர்த்தினாள். காய்ந்ததும் இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள்.

"இது பொத்தானோட ஷீட்டுதான். குறி நான் போட்டது. நேத்து ஞாபகம் இல்லேன்னு சொன்னது பொய்."

நேற்றுக் கூடிய கூட்டத்தில் கால்வாசிகூட அங்கே இல்லை. இஸ்திரி போடுகிறவர் தலையை நிமிர்த்தாமல் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். திட்டு வாங்கியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாடியில் அறை காலியாகிவிட்டிருந்தது. பெட்டியும் இரண்டு மூட்டைகளும் வாசலில் இருந்தன. பெட்டியில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்மா. உன்னோடதுன்னு சொல்லிட்டேன். நீ போக வேண்டாம். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"சரிக்கா" என்றாள் பொத்தான். கோபம் இருந்தாலாவது காலில் விழலாம். குரலில் அதுகூட இல்லை. "அது உங்க ஷீட்டாவே இருந்திருந்தாலும், பெட்டி என்னோடதுதானேக்கா?"

மனைவி கையிலிருந்த ஷீட்டை நீட்டினாள்.

"கேட்டிருந்தா நானே திறந்து காட்டியிருப்பேன். லெட்டரை மட்டும் முதல்ல எடுத்து வெச்சிட்டு."

பொத்தான் கதவைப் பூட்டி, சாவியை அவள் கையில் வைத்தாள். நீட்டிய ஷீட்டை வாங்கவில்லை. "இங்கயே இருக்கட்டும்க்கா. அந்தக் குறி போகாது. போற எடத்துலயும் எவனாவது எங்க எடுத்தேன்னு கேப்பான்."

பெட்டியையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு பொத்தான் படியிறங்கினாள். குழந்தை மட்டும் பின்தங்கி நின்றது. கையில் சுருட்டி வைத்திருந்த ஒரு காகிதத்தைப் பிரித்தது. கப்பல். வழக்கமான ஜன்னலில் இந்தத் தடவை பென்சிலால் கம்பி போட்டிருந்தது.

"பெரியம்மா, ஜெயிலு கப்பலுக்குள்ளயா இருக்கு?"

கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். பதில் கிடைக்காமல் போக மாட்டேன் என்பதுபோல் குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது. பெரியம்மா ஒரு கையில் சாவியும் மறுகையில் ஷீட்டுமாக நின்றாள்.