அவசரமில்லக்கா

எங்க ஆபீஸ்ல முப்பத்தாறு பேர் வரிசையா உக்காந்து, ஒரே ஹெல்த் பாலிசியை நாள் பூரா போன்ல விக்கிறோம். மத்ததைவிடப் பாதி விலை. ஆனா எங்கள்ல ஒருத்தர்கூட அதைத் தன் வீட்டுக்கு எடுத்ததில்லை. இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்? ஆனா போன்ல யாரும் அதைக் கேக்க மாட்டாங்களே!

எனக்குக் கொஞ்சம் கூடுதலாவே தெரியும். போன வருஷம் ஒரு மாசம் புகார்ப் பிரிவுல உக்கார வெச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதவங்களுக்கெல்லாம் பாலிசிப் பத்திரத்தோட பதினாலாம் பக்கத்தைப் படிச்சுச் சொன்னது நான்தான். ஏற்கனவே இருக்கிற நோய்க்கு முதல் ரெண்டு வருஷம் ஒண்ணும் கிடையாது. மறைச்சு எடுத்தா எப்பவுமே கிடையாது.

அன்னிக்கு மதியம் கம்ப்யூட்டர் ஒரு அக்காவைப் பிடிச்சுக் குடுத்தது. அவங்க நம்பர்கூட எங்களுக்குத் தெரியாது, திரையில வெறும் நட்சத்திரம்தான். சலவைக்கடையில இஸ்திரி போடறவங்களாம். பேச்சுக்குப் பின்னாடி இஸ்திரிப்பெட்டி புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விட்டுக்கிட்டிருந்தது.

"எல்லா நோய்க்கும் உண்டா? எங்க வீட்டுக்காரருக்கு இருதயத்துல வால்வு கெட்டுப் போச்சு. ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலேன்னா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கையில இருக்கிறதை இதுல கட்டட்டுமா, இல்ல ஆபரேஷனுக்கே சேத்து வெக்கட்டுமா? நீயே சொல்லு கண்ணு."

வேண்டாம். அவ்வளவுதான் சொல்லணும். தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நாங்க பேசறதெல்லாம் பதிவாகும். சூப்பர்வைசர் வேற கேட்டுக்கிட்டே இருப்பான். ஹெட்செட் வழியா காதுக்குள்ளயே வந்து ரீங்காரம் போடறதால அவனுக்குக் கொசுன்னு பேரு வெச்சிருக்கோம். போன வாரம் என் பக்கத்து சீட்டுக்காரி ஒரு பெரியவர்கிட்ட "வேண்டாம்யா"ன்னு சொல்லித் தொலைச்சா. சாயங்காலமே அடையாள அட்டையை வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. எங்க வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்.

அதனால சுத்தி வளைச்சேன். "எல்லா விவரமும் பத்திரத்துல இருக்குக்கா." மேடம்னுதான் கூப்பிடணும், அக்கான்னு வந்துடுச்சு. "பதினாலாம் பக்கத்தை நல்லாப் படிங்க. தெரிஞ்சவங்க யாரையாவது விசாரிங்க. அவசரமில்லக்கா, பொறுமையாச் சொல்லலாம்."

"அவசரமில்லையா? உனக்கென்ன பைத்தியமா?" கொசு என் காதுல மட்டும் சீறினான். "இன்னிக்குத்தான் கடைசி நாள்னு சொல்லு!"

சொல்லலை. அந்தப் பக்கம் இஸ்திரிப்பெட்டி சத்தம் நின்னுடுச்சு. புரிஞ்சுக்கிட்டாங்க, இதோ போனை வெச்சிடப் போறாங்கன்னு நெனச்சேன். வெச்சிடுங்கக்கா, புண்ணியமாப் போகும்னு மனசுக்குள்ள கும்பிட்டேன்.

"இதோ பாரு கண்ணு," ன்னாங்க. "இந்த மாசம் மட்டும் நாலு கம்பெனிக்காரங்க கூப்பிட்டாச்சு. எல்லாரும் இப்பவே கட்டு, இன்னிக்கே கட்டுன்னு கழுத்துல கத்தி வெக்காத குறைதான். நீ ஒருத்திதான் அவசரமில்லேன்னு சொன்னே. அதுலயே தெரியுது. உன்னை நம்பிக் கட்டிடறேன்."

அடக் கடவுளே! தலையில அடிச்சுக்கலாம் போல இருந்தது.

இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி வரும், வீட்டுல யாருக்காவது ஏற்கனவே நோய் இருக்கான்னு. இருக்குன்னு பதில் போட்டா கம்ப்யூட்டர் உடனே பணம் வாங்காது, மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்பிடும். ஒவ்வொரு சொல்லா நிறுத்தி நிறுத்திப் படிச்சேன்.

"அதான் சொன்னேனே, வால்வு..."

கொசு லைனுக்குள்ளயே குதிச்சுட்டான். தேன் ஒழுகற குரல். "மேடம், நான் மேலதிகாரி பேசறேன். சாருக்கு இந்த நிமிஷம் வலி இருக்கா? இல்லையே? அப்போ இல்லேன்னு சொல்லுங்க. இதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்."

அக்கா அவனை விட்டுட்டு என்னைத்தான் கேட்டாங்க. "கண்ணு, அப்படியே சொல்லிடட்டுமா? நீ சரின்னா சரி."

வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. அஞ்சு செகண்டு இருக்கும். நெனச்சா இன்னிக்கும் ஆத்திரமா வருது, கொசு மேல இல்ல, என் மேலதான்.

"நீ ஒண்ணும் மறுக்கலையே, அப்ப இல்லேன்னே போட்டுக்கோ," ன்னாங்க அக்கா. கார்டு நம்பரைச் சொன்னாங்க. போனுக்கு வந்த ஓ.டி.பி.யோட ஆறு எண்ணையும் ஒண்ணொண்ணா வாசிச்சாங்க. திரை பச்சையாச்சு. கொசு கை தட்டினான். கூடவே வரிசை பூரா கை தட்டுச்சு. யார் வித்தாலும் தட்டணும்.

"உன் பேரு என்ன கண்ணு?"

மேஜையில ஒட்டியிருந்த பேரைச் சொன்னேன். அது என் பேரில்லை. அந்த சீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பேருதான். அக்கா எழுத்துக்கூட்டி எழுதிக்கிட்டாங்க.

"இஸ்திரி மேஜைக்கு மேலயே ஒட்டி வெக்கறேன். நீ கூப்பிட்ட நம்பரும் போன்ல இருக்கு. அவரை ஆஸ்பத்திரியில சேக்கற அன்னிக்கு முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவேன். எடுப்பேல்ல?"

எங்க நம்பர்லேருந்து வெளியே போன் போகும். வெளியேருந்து உள்ளே வராது.

"எடுப்பேன்க்கா," ன்னேன்.