வராத பரீட்சைக்குப் பூஜ்யம்

எங்கள் அடுக்குமாடியில் அவருக்கு ‘இலவசம்’ என்றுதான் பெயர். பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு மென்பொருள் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துத் திருத்தலாம் என்று இணையத்தில் போட்டிருந்தார். மதிப்பெண்களைக் கொடுத்தால், வரப்போகும் வருடத்தை ஆயிரம் தடவை கற்பனையாக ஓட்டிப் பார்த்து, எந்தப் பிள்ளை தேறும், எது தேறாது என்று சொல்லிவிடும். இந்தப் பெருமையைக் கேட்காமல் அவரோடு லிஃப்டில் ஒரு மாடிகூட ஏற முடியாது.

போன வருடம் மகளுடைய பள்ளியும் அதை எடுத்துக்கொண்டதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வருடம் அது சொன்னபடியே பதினொன்றாம் வகுப்பில் யாருக்கு எந்தப் பிரிவு என்று பட்டியல் ஒட்டினார்கள். நட்சத்திரம், கோள் என்று பைத்தியமாக அலைந்த பெண்ணுக்கு அறிவியல் பிரிவில் இடமில்லை.

அலறியடித்துக்கொண்டு ஓடினார். கம்ப்யூட்டர் டீச்சர் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“காய்ச்சல்ல ரெண்டு பரீட்சை எழுதலைல்ல சார்? ரெண்டும் பூஜ்யம்.”

“எழுதாததுக்கு ஏதும்மா பூஜ்யம்? காலியா விடணும்!”

“காலியாத்தான் விட்டேன். உங்க மென்பொருள்தான் அதைப் பூஜ்யம்னு எடுத்துக்குது. போன வருஷமே உங்க இணையப் பக்கத்துல எழுதினேன், திருத்தமும் அனுப்பினேன். மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. ஊரே பார்க்கிற இடத்தில் அவர் போட்ட பதில் இன்னும் இருந்தது: ‘ஓசியில் வாங்கிக்கொண்டு நொட்டை சொல்லாதீர்கள். வராத பிள்ளைக்குப் பூஜ்யம்தான்.’ கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

“என் பிள்ளையோடதை மட்டும் மாத்திக் கொடுங்கம்மா.”

“எப்படி சார்? இதே மாதிரி அழுதுட்டு வந்த மத்த அம்மா அப்பாவையெல்லாம் உங்க பதிலைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினோம். செஞ்சவரே சொல்லிட்டாரேன்னு பேசாமப் போயிட்டாங்க.”

வீட்டுக்கு வந்து திருத்தினார். ஒரே ஒரு வரி. ஓட்டிப் பார்த்தால் மகள் மேலே வந்து நின்றாள். பள்ளிக்கு அனுப்பினார். ‘இடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த வருடம் உதவும், நன்றி’ என்று பதில் வந்தது.

“உலகத்துக்கே சும்மா குடுத்தீங்க. நம்ம வீட்டுக்கும் ரெண்டு பூஜ்யம் வந்து சேர்ந்துடுச்சு” என்றாள் மனைவி.

மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பழைய பதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு சிரிப்புப் பொம்மையைத் தொட்டுக் காட்டினாள்.

“இது நான் போட்டதுப்பா. அப்போ படிக்க ரொம்ப நல்லா இருந்துச்சு.”