அவள் பாடு

கூட்டத்தில் எழுந்து பேச வேண்டுமே என்ற பயத்தில் ஹேமாவதிக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் சரவணன் இறந்து எட்டு மாதம். பாடு பட்டியலில் அவன் பேர் இன்னும் இருக்கிறது. இன்றைக்கு அதை அடித்துவிட்டால் அவள் வீட்டு வலைக்கு ஏரியில் இடமே கிடையாது.

பழவேற்காட்டு ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை போடலாம் என்று குப்பத்தார் வைத்திருக்கும் முறைக்குத்தான் பாடு என்று பேர். ஒருத்தர் பாடு நாளில் இன்னொருத்தர் வலை இறங்காது, அத்தனை ஒழுங்கு. ஆனால் அந்த ஒழுங்கெல்லாம் தண்ணீரோடு சரி. கோயில் முன்னால் கூட்டம் போட்டால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருத்தர் காதிலும் ஒன்றும் விழாது.

"எங்க வூட்டுப் பாடு எங்களுக்கே இருக்கட்டும். சுண்ணாம்புக்குளத்துலேர்ந்து எந்தம்பி தீனா வந்து வல எறக்க..." என்று ஹேமாவதி ஆரம்பித்ததுதான் தாமதம், பின்வரிசை பிடித்துக்கொண்டது.

"வெளியூர்க்காரனா?"

"பொம்பளைக்கு இன்னாத்துக்குப் பாடு?"

ஹேமாவதி பேசாமல் உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தாள்.

"கம்னு இருங்கப்பா!"

குப்பத்துப் பெரியவர் நீலமேகத்தின் குரல். படகில் நின்று கூப்பிட்டால் கரைக்குக் கேட்கும் குரல். இந்த விஷயத்தில் அவளுக்கு முதல் எதிரியும் அவர்தான்; அவள் பயந்ததே அவருக்குத்தான்.

"இப்போ அவ பாடு. நடுவுல எவனும் வல போடாதீங்க. நீ சொல்லும்மா."

சொன்னாள். சரவணன் மீன் பிடித்தான் என்றால் வலை தைத்ததும் மீன் விற்றதும் தான்தான், பாதிப் பாடு என்றைக்குமே தன்னுடையதுதான் என்பது வரை சொன்னாள். அதுவரை நீலமேகம் வாயைத் திறக்கவில்லை. முடிந்த பிறகும் உடனே மறுக்கவில்லை. "நீ சொன்னத நான் சொல்றேன், சரியானு பாரு" என்று அத்தனையையும் திருப்பிச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கோணலாக்கவில்லை. தன் பக்கத்தில் இவ்வளவு நியாயம் இருப்பது ஹேமாவதிக்கே அப்போதுதான் தெரிந்தது. எதிர்க்கப்போகிறவர் இப்படிச் செய்வாரா, என்ன மனுஷன் இவர் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அதானே?"

"அதான் மாமா."

"எனக்கு ஒத்து வரல. இன்னிக்குத் தீனா வந்தா நாளைக்கு ஊர்ல எல்லார் மச்சானும் வருவான். அப்புறம் நம்ம புள்ளைங்க எங்க போவும்?"

மூன்று பதில்கள் ஹேமாவதியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. விழுங்கினாள். அவர் செய்ததையே தானும் செய்தாள்.

"வெளியாளுக்கு ஒருவாட்டி வழி வுட்டா அப்புறம் நிறுத்த முடியாதுனு பயப்படறீங்க. அதானே மாமா?"

"அதான்."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அந்தப் பயம் நியாயமானது என்று அவளுக்கு உறைத்தது. "அப்போ தீனா வேணாம். எங்க வூட்டுக்காரரோட படகுல போன நம்ம வேலுவே எறங்கட்டும். புடிக்கறதுல சரிபாதி குடுத்துடறேன்."

வேலு தலையாட்டினான். பட்டியலை மடியில் வைத்திருந்த தருமன் நீலமேகத்தைப் பார்த்தான்.

"அப்போ சரவணன் பேரு?"

"அடிச்சிடு."

தருமன் பேனாவைத் திறந்தான்.

"அடிச்சிட்டு அதே எடத்துல ஹேமாவதினு எழுது. பாடு யாருதோ அவங்க பேருதான் இருக்கணும்."