காலியான காரணம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பின்சந்து வழியாக அந்த வீட்டுக்குள் போய் சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், கொல்லைக் குழாய் மூன்றையும் திறந்துவிடுவேன். முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். அதுவரை சமையல் மேடை மேல் உட்கார்ந்திருப்பேன். மூன்று மாதத்தில் ஐந்து யூனிட்டுக்குக் குறைவாகத் தண்ணீர் செலவான வீடு, நகராட்சியின் காலி வீட்டுப் பட்டியலில் தானாக ஏறிவிடும். ஐந்து என்று குறித்துக் கொடுத்தவனே நான்தான்.

நகராட்சியில் வீட்டு வசதிப் பிரிவில் எனக்கு வேலை. குறைந்த வாடகை வீடு கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். புதிதாகக் கட்ட இடமில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகள் மட்டும் முந்நூறு. சொந்தக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்கி, நகராட்சி செலவில் பழுது பார்த்து, வரிசையில் இருப்பவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு விடுவது திட்டம். பேசிச் சம்மதம் வாங்குவது என் பங்கு. நன்றாகப் பேசுவேன். ஓவர்சியர் எனக்குப் பேயோட்டி என்று பெயர் வைத்திருந்தார். "வாய்யா பேயோட்டி, இன்னிக்கு எத்தனை வீட்டுப் பேயை விரட்டின?" என்பார்.

பட்டியலில் ஏறிய வீட்டுக்காரர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நான்காவது கட்டம், வீடு காலியான காரணம். ஒரு வரிக்குத்தான் இடம். போன மாதம் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மகன் இருந்த வீடு. "ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாயிடும் ஐயா" என்று அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவியையும் கொடுத்தார்.

என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. மறுவாரமே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்கிறேன். அக்கா ஒன்றும் சொல்வதில்லை. அத்தான்தான் தண்ணீர் குடிக்க எழுந்தால் என் காலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அந்த வீட்டை நான் கோயிலாக வைத்திருக்கவில்லை. அங்கே உட்கார்ந்து அழுததும் இல்லை. அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் நான் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை தையல்காரி வந்தாள். வரிசையில் இருப்பவள். கழுத்தில் அளவு நாடாவோடு வாரம் ஒருமுறை கவுண்டர் முன்னால் நிற்பாள். அவள் குடியிருக்கும் கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் பெரியவளை நாத்தனார் வீட்டுக்கும் சின்னவளைத் தன் அம்மா வீட்டுக்கும் அனுப்ப வேண்டிவரும். இரண்டும் வேறு வேறு ஊர்.

"சார், இந்தத் தடவை வெறுங்கையோட வரல. வீடே கண்டுபிடிச்சுட்டு வந்திருக்கேன்" என்றாள். "என் கடைக்கு எதுத்தாப்ல பன்னெண்டாம் நம்பர். கடை போட்டு ஆறு மாசமாச்சு, ஒரு ஈ காக்கா உள்ள போய்ப் பாத்ததில்ல. ஆனா சனிக்கிழமையானா உள்ள தண்ணி கொட்டுற சத்தம் கேக்குது. குழாய் ஏதோ ஒடஞ்சிருக்கும்போல. நீங்க ஒருக்கா பாருங்களேன்."

பாடமாக இருந்த என் முகவரியை அவள் வாயிலிருந்து கேட்டுப் புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். அவள் போன பிறகு ஓவர்சியர் எட்டிப் பார்த்தார்.

"பன்னெண்டா? அது உன் வீடில்ல?"

"ஆமா சார்."

"நல்லாயிருக்குய்யா! பேயோட்டி வீட்டுலயே பேய்..." என்று சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மேசைமேல் இல்லாத தூசியைத் தட்டினார். "ஒரு பதில் போட்டு விட்டுரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டேன். ஆய்வு செய்யப்பட்டது, வீட்டில் ஆள் குடியிருப்பு உள்ளது, புகாரில் உண்மையில்லை. மூன்று வரி. வெள்ளிக்கிழமைத் தபாலில் போய்விட்டது. திங்கட்கிழமை அவள் கைக்குக் கிடைக்கும்.

இந்தச் சனிக்கிழமை போயிருக்கக் கூடாது. ஆனால் மூன்று மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. ஐந்து யூனிட்டுக்கு இன்னும் அரை யூனிட் வேண்டியிருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்கதவைத் தட்டினார்கள். அசையாமல் இருந்தேன். மறுபடியும் தட்டினார்கள். "உள்ள யாருங்க?" என்றது அவள் குரல். திறந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "சார்! சொன்ன ரெண்டாம் நாளே வந்துட்டீங்களே! நகராட்சின்னா நாயா அலையவிடுவாங்கன்னு எங்க வீட்டுல அவரு கேலி பண்ணினாரு. சாவிகூட வாங்கிட்டீங்களா?"

நான் தலையசைத்தேனா என்று தெரியவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு அவள் உள்ளே வந்தாள். நேரே சமையலறைக்குப் போய்க் குழாயை மூடினாள். பிறகு மற்ற இரண்டையும். "ஒண்ணும் ஒடையல சார், யாரோ தொறந்து வுட்டுட்டுப் போயிருக்காங்க. எங்க தெருவுல ஒரு குடத்துக்கு அடிதடி. பாவி யாருன்னு தெரியல."

"ம்" என்றேன்.

வீடு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பார்ப்பதுபோலத்தான் அவளும் பார்த்தாள். சுவரைத் தட்டினாள். ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று முகத்தை நீட்டினாள். அலமாரியில் மாத்திரை அட்டைகள் இருந்தன. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நைட்டி தொங்கியது. அதன் கை ஓரத்தை விரல்களுக்கிடையே வைத்துத் தையலைப் பார்த்தாள், தொழில் பழக்கம். "நல்ல துணி. அப்படியே போட்டுட்டுப் போயிருக்காங்களே. அந்தம்மா எங்க சார்?"

"இல்ல."

அவளுக்குப் புரிந்தது. கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் ஒத்துக்குவாரா சார்?"

"கேட்டுப் பாக்கணும்."

"ஆளு எப்படி? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"கொஞ்சம் தெரியும்."

"நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாரு. உங்க வாய்க்குக் கல்லும் கரையும்னு உங்க ஓவர்சியரே சொல்றாரு." குரலைத் தாழ்த்தினாள். "நாங்க நைட்டிய எல்லாம் தொடமாட்டோம் சார். ஒரு மூட்டையா கட்டி வச்சிருவோம், அவரு எப்ப வேணா வந்து எடுத்துக்கட்டும். அத மட்டும் சொல்லிருங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். தபாலில் போன மூன்று வரிகளும் நினைவுக்கு வந்தன. அவள் அதற்குள் நாடாவைக் கழுத்திலிருந்து உருவி ஜன்னல் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டாள். நாடா எட்டவில்லை. நகத்தால் சுவரில் கீறி அடையாளம் வைத்து மறுபடி அளந்தாள். "மிஷினை இங்க போட்டா பகல்ல லைட்டே வேணாம். புள்ளைங்க ரெண்டும் அந்த மூலையில படுத்துக்கும். இந்தக் கட்டில்தான் இடிக்குது. ஒரு கை புடிங்க சார்."

தலைமாட்டில் அவள் நின்றாள். கால்மாட்டில் நான் நின்றேன். பதினான்கு மாதமாக யாரும் அசைக்காத கட்டில். "ம், தூக்குங்க" என்றாள். எளிதாக எழும்பியது. இரண்டடி நகர்ந்ததும் அவள் தன் பக்கத்தைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தாள். கட்டில் கால்கள் இருந்த இடத்தில் தரையில் நாலு கறுப்பு வட்டங்கள் இருந்தன. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து ஒன்றைத் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். "சோப்பு போட்டா போயிடும் சார், கவலைப்படாதீங்க. கீழ வைங்க" என்றாள் நிமிராமல்.

நான் என் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.