விடுப்பில் பிடுங்கிய பல்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. என் மனைவியின் தங்கை தமிழ்மதி* ராணுவத்தில் பல் டாக்டர், கேப்டன். விடுப்பில் சாணார்பட்டிக்கு வந்தபோது நடந்ததைச் சொல்லிவிட்டு, "மாமா, இதப் போயி கதையா எழுதிராதீங்க" என்றாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுகிறவன் புத்தி அப்படி.

(*அவள் பெயர் இதுவல்ல. ஊரும் இதுவல்ல. எனக்கும் பயம் உண்டு.)

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய முகாமில் ஒரு சிப்பாயின் கடைவாய்ப் பல்லை அவள்..."

[வேண்டாம். நான் பார்த்த பனி கொடைக்கானலோடு சரி.]

இரண்டாவது: "ராணுவப் பல் மருத்துவரின் சம்பளத்தில், வெளியே தனியாகத் தொழில் பார்க்காமல் இருப்பதற்கென்றே ஒரு படி உண்டு."

[கட்டுரை வாடை. இருந்தாலும் இருக்கட்டும், பயம் இங்கேதான் இருக்கிறது.]

தமிழ்மதி குறுகிய காலப் பணியில் சேர்ந்தவள். நிரந்தரமாக்கும் நேர்காணல் அடுத்த மாதம். வெளியே தொழில் பார்த்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். பென்ஷன் இல்லாமல் வீடு திரும்ப வேண்டியதுதான்.

3

பக்கத்துத் தோட்டத்து சோலைமலைக்குப் பல்லில் சீழ் வைத்து, வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் முகம் வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. திண்டுக்கல்லில் தட்டிய கதவெல்லாம் பூட்டு. தமிழ்மதி தன்னோடு படித்த, வெளியூர் போயிருந்த ஆனந்தியின் கிளினிக் சாவியை அவள் வீட்டில் வாங்கி, பல்லைப் பிடுங்கிவிட்டாள். காசு வாங்கவில்லை.

சோலைமலையின் மகன் முகேஷ்குமாருக்கு நன்றி பொங்கிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் ஃபிளக்ஸ் வைத்தான். சீருடையில் தமிழ்மதி. 'எங்கள் தந்தையின் வலி தீர்த்த ராணுவப் பல் டாக்டருக்கு நன்றி!' ஃபிளக்ஸ் என்றால் அடியில் ஏதாவது வேண்டுமே! ஆனந்தியின் கிளினிக் பெயர், பார்வை நேரம், போன் நம்பர். பார்க்கிறவனுக்கு, தமிழ்மதி அங்கே தொழில் பார்க்கிற மாதிரியே இருந்தது.

"ஏலே, யாரக் கேட்டு வச்ச? எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டியேடா!"

"நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான்க்கா..."

"அதாம்டா பயமே!"

ஃபிளக்ஸை அவிழ்த்துவிட்டார்கள். அதற்குள் எத்தனை செல்போனில் ஏறியதோ. தெரியாத நம்பர் வந்தால் அவள் எடுப்பதில்லை.

[போர் முனைக்குப் போகிறவள் ஒரு போனுக்கா நடுங்குவாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். என் வேலை அப்படித் தெருவில் தொங்கியிருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன்.]

4

ஒரு முடிவு: நேர்காணலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. [சினிமா.]

இன்னொன்று: விளக்கம் கேட்டு மேலதிகாரி அவளை... [எழுதக் கை வரவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ?]

5

நேற்று மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். வாசலில் உள்ளூர்க்காரி ஒச்சம்மாள் வந்து நின்றாள். ஃபிளக்ஸைப் பார்த்திருக்கிறாள். கன்னம் கண்வரை வீங்கியிருந்தது.

"டாக்டரம்மா, செத்த பாருத்தா. உசுரு போகுது."

உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்தபடி தமிழ்மதி.

"மாமா, பின்னால எவனும் போனோட நிக்கிறானான்னு பாருங்க."

'திறந்தாள்' என்று எழுத ஒரு நொடி போதும். உங்களுக்கும் பிடிக்கும். உங்களுக்கும் எனக்கும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். வேலை போனால் அவளுக்குத்தான் போகும்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். திறந்தாள் என்றால் அவள் மாட்டிக்கொள்வாள். திறக்கவில்லை என்றால் நீங்கள் அவளை மன்னிக்க மாட்டீர்கள்.

அந்த வேலை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒச்சம்மாள் மறுபடியும் தட்டுகிறாள். திறக்கிறீர்களா?