ஏழாம் இலக்க மருமகன்

சில்க்போர்க் கழகம் செல்வரட்ணத்தைக் கூப்பிட்டபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அதற்கு முன் பதினோரு வருடம் ஹேர்னிங்கில் பயிற்றுநராக இருந்து நான்கு தடவை கிண்ணம் எடுத்துக் கொடுத்திருந்தார். டென்மார்க்கில் ரக்பி லீக் என்றால் அது என்ன விளையாட்டு என்று கேட்பவர்கள்தான் அதிகம். நீள்வட்டப் பந்தை அணைத்துக்கொண்டு பதின்மூன்று பேர், எதிரே நிற்கும் பதின்மூன்று பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவது. ஆனால் அதை விளையாடும் பத்துப் பதினைந்து ஊர்களில் செல்வரட்ணம் என்ற பெயரை, வாயில் நுழையாவிட்டாலும், மரியாதையோடுதான் சொன்னார்கள்.

ஹேர்னிங்கை விட்டு அவர் வந்திருக்கத் தேவையில்லை. மகள் ஸ்ரெபானிக்குத் தேவராஜாவின் மகன் மேர்வினைக் கலியாணம் பேசி முற்றாக்கிய வருடம் அது. தேவராஜா சில்க்போர்க் கழகத்தின் நிர்வாகசபையில் இருந்த ஒரே தமிழர். மேர்வின் பன்னிரண்டு வயதிலிருந்து அங்கே விளையாடுகிறவன். பெண் எடுக்கிற வீட்டார் முதன்முதலாக வாய் விட்டு ஒன்று கேட்கிறார்கள். அதற்கு மாட்டேன் என்று செல்வரட்ணம் எப்படிச் சொல்வார்?

முதல் வருடம் மூன்றாமிடம். அடுத்த வருடம் ஐந்தாமிடம். புது இடம், பழக வேண்டும் என்று சனம் சமாதானம் சொன்னது. மூன்றாம் வருடம் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றார்கள். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவருக்கு அதிகம் குத்தியது.

பிழை எங்கே என்று அவருக்குத் தெரியாமலில்லை. பந்து யாருடைய கைக்குப் போகவேண்டும் என்று கண் மூடித் திறக்கும் நேரத்தில் முடிவெடுக்கிறவன் ஏழாம் இலக்கக்காரன். மேர்வின்தான் ஏழாம் இலக்கம். அவனுக்கு முப்பத்தொரு வயது. அந்த வசந்தகாலத்திலிருந்து அவனுடைய கால்கள் புத்தி சொன்ன இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரவில்லை. வேறொருவன் என்றால் இரண்டாம் ஆட்டத்திலேயே வெளியே இருத்தியிருப்பார். ஹேர்னிங்கில் தமக்கையின் மகனையே இருத்தி, தமக்கை ஒரு வருடம் கதைக்காமல் விட்டதையும் தாங்கியவர். ஆனால் மருமகனுக்கு முன்னால் குரலை உயர்த்தாத குடும்பம் அவருடையது. அவருடைய தகப்பனும் உயர்த்தியதில்லை.

திங்கட்கிழமைகளில் சனிக்கிழமை ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் திரையில் போட்டு, ஒவ்வொருவனின் பிழையையும் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். கைகால் பெருத்த டேனிஷ் பெடியள் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேர்வின் பந்தை நழுவவிடும் இடம் வந்தால் மட்டும் அவருடைய விரல் படத்தை முன்னே ஓட்டிவிடும். எல்லாரும் போனபின் கதவடியில் வைத்து, அடுத்தமுறை நீங்கள் கொஞ்சம் கவனித்தால் நல்லது தம்பி என்று மரியாதை போட்டுச் சொல்லுவார். ஓம் மாமா என்பான் மேர்வின். அதற்குமேல் இருவருக்கும் கதை கிடையாது.

கடைசி ஆட்டத்துக்கு முந்திய திங்கட்கிழமை அணித்தலைவன் மிக்கெல் பொறுக்கமாட்டாமல் எழுந்தான். தச்சுவேலை செய்கிறவன், மனதில் உள்ளதை அப்படியே சொல்லிப் பழகியவன்.

"செல்வா, எங்கள் எல்லாருக்கும் பிழை வருகிறது. ஏழாம் இலக்கத்துக்கு மட்டும் ஏன் வருவதில்லை?"

சொன்னால் மகள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சோறு கிடைக்காது என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. மேர்வின் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்வரட்ணம் படத்தை நிறுத்திவிட்டு, இன்றைக்குப் போதும் என்றார்.

மறுநாள் கழகத் தலைவர் ஹென்ரிக் தொலைபேசியில் வந்தார். சனிக்கிழமை ஆல்போர்க்கிடம் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். இறங்கினால் வேறு பயிற்றுநரைப் பார்க்கவேண்டி வரும் என்று மிகவும் பணிவாகச் சொன்னார். செல்வரட்ணமும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருடங்களில் அவரை எங்கேயும் யாரும் வேலையிலிருந்து நிறுத்தியதில்லை. அவர் வேலை செய்த நெசவுத் தொழிற்சாலையை மூடியபோதுகூட அவரைக் கடைசி நாள்வரை வைத்திருந்தார்கள்.

அன்றே தீர்மானித்துவிட்டார். சனிக்கிழமை ஏழாம் இலக்கத்தில் மேர்வினுக்குப் பதில், மாற்று வீரனாக இருக்கும் எமில் இறங்குவான்.

அணியின் பெயர்ப்பட்டியலை வியாழக்கிழமை ஏழு மணிக்குக் கைத்தொலைபேசிக் குழுவில் போடுவது வழக்கம். ஆனால் மருமகனை விட்டுவிட்ட செய்தியைச் சம்பந்தி வீட்டார் தொலைபேசியில் பார்த்து அறிவது முறையல்ல. நேரில் போய், இருந்து, சொல்லவேண்டும். மனைவி பவளராணி ஒரு கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

"போனவுடன சொல்லிப்போடுங்கோ. தேத்தண்ணி குடிச்சுட்டால் பிறகு வாய் வராது."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமெண்டுதான் சொல்லுறன்."

தேவராஜா வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு சோடி சப்பாத்துகள் கிடந்தன. தூரத்து ஊரான அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து அவருடைய தங்கை குடும்பம் முழுதாக வந்திறங்கியிருந்தது. மேர்வின் விளையாடுவதை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லையாம். சனிக்கிழமை பார்ப்பதற்காக இரண்டு நாள் லீவு போட்டு வந்திருக்கிறார்கள். தேவராஜா செல்வரட்ணத்தின் தோளில் கை போட்டு நடு வீட்டுக்குள் கூட்டிப்போனார்.

"மாமனார் பயிற்றுநர், மருமகன் ஏழாம் இலக்கம். இந்த நாட்டில வேற எந்தத் தமிழ்க் குடும்பத்தில இருக்கு? ஒண்டைக் காட்டுங்கோ பாப்பம்."

தங்கையின் புருசன் எழுந்து கை கொடுத்தார். பிள்ளைகள் செல்வரட்ணத்தோடு படம் எடுக்க நின்றார்கள். தேவராஜாவின் மனைவி புஷ்பராணி தேநீரோடு வந்தார். தேநீருக்குப் பின்னால் இடியப்பமும் கணவாய்க் கறியும் வந்தன. உங்களோடு ஒரு விசயம் கதைக்கவேண்டும் என்று செல்வரட்ணம் இரண்டு தடவை தொடங்கினார். சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகக் கதைப்போம் என்று தேவராஜா இரண்டு தடவையும் தட்டில் இன்னும் வைத்தார். வேலையிலிருந்து வந்த மேர்வின் கதவு நிலையில் சாய்ந்து நின்று மாமனாரின் முகத்தையே பார்த்தான். எதையோ கேட்கக் காத்திருப்பவன் போல இருந்தது. செல்வரட்ணம் தலையைக் குனிந்து சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் இரண்டாவது சுற்றுவட்டம் வந்தது. "ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டியள்" என்றார் பவளராணி.

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமலே பட்டியலை அனுப்பினார். ஏழாம் இலக்கம் மேர்வின்.

சனிக்கிழமை மழை தூறியது. குடைகளின் கீழ் தேவராஜா வீட்டார் வரிசையாக நின்றார்கள். இடைவேளையில் சில்க்போர்க் இரண்டு புள்ளி முன்னால் நின்றது. செல்வரட்ணம் இந்த வருடத்தில் முதன்முறையாகச் சீராக மூச்சு விட்டார். மேர்வினை இப்போதாவது வெளியே எடுக்கலாமா என்று மிக்கெல் கேட்டான். பார்ப்போம் என்றார். குடைகளின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு அவனையே மீண்டும் இறக்கினார்.

ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கையில் மேர்வின் பந்தோடு இடப்பக்கம் திரும்பினான். அவனை யாரும் தொடவில்லை. முழங்கால் தானாக மடிந்தது. நழுவிய பந்தை ஆல்போர்க்காரன் எடுத்துக்கொண்டு எல்லைக் கோடுவரை தனியாக ஓடினான். அதற்குப் பிறகு அணியில் ஒருவனுக்கும் கால் எழும்பவில்லை. பத்துக்கு இருபத்திரண்டு என்று தோற்றார்கள்.

ஸ்ரெபானி சேற்றில் முழந்தாளிட்டுப் புருசனின் தலையைப் பிடித்திருந்தாள். தகப்பனிடம் டேனிஷில்தான் சொன்னாள். ஈஸ்டர் நேரமே விளையாடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம்.

"என்னட்ட ஏன் சொல்லேல்லை?"

"மாமா கஷ்டத்தில் இருக்கும்போது மருமகன் நழுவினான் என்று பேர் வரக்கூடாது என்று இவர் சொன்னார். நீங்களாக நிறுத்துவீர்கள் என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா."

ஹென்ரிக் வந்து கை கொடுத்து, மூன்று வருட உழைப்புக்கு நன்றி என்றார். செல்வரட்ணம் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு அப்போது வேலை போனது பெரிதாகப் படவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் தேவராஜா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அல்பர்ட்ஸ்லுண்ட் ஆட்கள் கதிரைகளில் இருந்தார்கள். புஷ்பராணிதான் பேசினார். சத்தம் போடவில்லை.

"உங்கட வேலையைக் காப்பாத்த என்ர பிள்ளையின்ர காலைக் குடுத்துப்போட்டியள் அண்ணை. ஒரு ஆட்டம் வெளியில இருத்தியிருந்தால் எங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

பவளராணி முன்னே வந்தார். "அக்கா, வியாழக்கிழமை நாங்கள் உங்கட வீட்டை வந்தது..."

"பவளம், பேசாமல் இரு" என்று செல்வரட்ணம் மறித்தார்.

சொன்னால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் பிள்ளை இனி ஆடத் தகுதியில்லாதவன் என்று சொல்லத்தான் வந்தேன், உங்கள் உபசரிப்புத்தான் வாயைக் கட்டியது என்று, அவன் உள்ளே படுத்திருக்கும்போது, அவர்களுடைய உறவுக்கு முன்னால் சொல்வதாகும். பிறகு அந்த வீட்டில் சீவிக்கப் போகிறவள் ஸ்ரெபானி.

"பிழை என்னிலதான்" என்றார் செல்வரட்ணம்.

தேவராஜா திரும்பவில்லை. தாதி வந்து, குடும்பத்தார் உள்ளே வரலாம் என்றாள். தேவராஜாவும் புஷ்பராணியும் போனார்கள். ஸ்ரெபானி ஒரு கணம் தகப்பனைப் பார்த்துவிட்டு அவர்களின் பின்னால் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

போவோமா என்று பவளராணி கேட்டார்.

"கூப்பிடுவினம். நிப்பம்."

நனைந்த கழகச் சட்டையோடு அவர் நேராக நின்றார். கதிரைகளில் இருந்தவர்கள் ஒருவரும் ஒதுங்கி இடம் விடவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழிந்து கதவு திறந்தபோது தேவராஜாவின் தங்கை குடும்பத்தைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.