காலிச் சாலையில் குதிக்கும் படம்

பிரேக் மாஸ்டருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவருக்கு அது ஓரளவு தேவைதான். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவர் சாவியைத் திருப்புவதற்குள் மாஸ்டரின் கால் அதன் மேல் போய் உட்கார்ந்துவிடும். பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் காரை விட்டு இறங்கிய பிறகும் காலை எடுக்காத மனிதரை என்ன சொல்வது?

ஒரே மகள். அவளைக் கட்டியவர் கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவர். கல்யாணமானதிலிருந்து இருவரும் மாடியில்தான் குடியிருந்தார்கள். பள்ளியை மாப்பிள்ளை கையில் ஒப்படைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார வேண்டும் என்று மாஸ்டருக்கு ரொம்ப நாள் ஆசை. மாப்பிள்ளை நம்பத் தகுந்தவர்தானா என்பது மட்டும் தீர்ந்தபாடில்லை.

மாப்பிள்ளை வந்த கையோடு முன்னறையில் ஒரு பயிற்சி மெஷின் அமைத்தார். ஸ்டீயரிங், மூன்று பெடல், பழைய வேனிலிருந்து கழற்றிய சீட்டு, எதிரே பெரிய திரை. திரையில் கடைத்தெரு வரும், மழை வரும், குறுக்கே நாய் வரும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் இங்கே முட்டி மோதிப் பழகிவிட்டு நிஜத் தெருவுக்குப் போகலாம். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மதியம் மாப்பிள்ளை வெளியே போன சமயம் பார்த்து மாஸ்டர் அதைக் குடைந்தார். ஒரு விநாடிக்கு எத்தனை படம் வரைய வேண்டும் என்ற இடத்தில் அறுபது என்று வரம்பு போட்டிருந்தது. அவருக்குச் சுருக்கென்றது. வேன்களில் வேகத்தைக் கட்டிப்போடும் கருவியை அவர் அறிவார். அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இத்தனை பெரிய கிராபிக்ஸ் கார்டை வாங்கி வைத்துவிட்டு அதன் காலைக் கட்டுவானேன்? வரம்பை எடுத்துவிட்டார். திரை மூலையில் எண் நானூறைத் தாண்டியது. பரம திருப்தி. மாப்பிள்ளை மறுபடி கை வைத்துவிடக் கூடாதே என்று பாஸ்வேர்டையும் மாற்றினார்.

மறுநாளிலிருந்து படம் வெட்டி வெட்டி ஓடியது. அதுவும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக. ஜனம் நெரியும் கடைத்தெருவில் ஒழுங்காகப் போகும். ஈ காக்கை இல்லாத புறவழிச் சாலைக்கு வந்தால் குதிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துவிட்டுத் திரும்பும். ஒரு டீச்சரம்மா தலை சுற்றுகிறது என்று எழுந்தவர் எதிரே இருக்கும் இன்னொரு ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எண்ணோ நானூறு. இத்தனை வேகமான மெஷினில் படம் எப்படிக் குதிக்கும்? யாரோ உள்ளே கைவரிசை காட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! எதிர்ப் பள்ளிக்காரரோடு டீக்கடையில் மாப்பிள்ளையை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க மாமா, என்னன்னு பாக்கிறேன்" என்று மாப்பிள்ளை கேட்டபோது, "பாக்கலாம், பாக்கலாம்" என்று நழுவினார். மாப்பிள்ளை குளிக்கப் போன நேரத்தில் அவருடைய பையைத் துழாவினார். ஒரு சார்ஜரும் சாப்பாட்டு டப்பாவும்தான் இருந்தன. நிமிர்ந்தால் வாசலில் மகள்.

"என்னப்பா தேடுறீங்க?"

"உன் புருஷன் எதிர்ப் பள்ளிக்காரனுக்கு விலை போயிட்டாரோன்னு தோணுது. நீயும் ஒரு கண்ணு வச்சுக்க."

"அவர்கிட்ட நேராக் கேட்டீங்களா?"

"கேட்டா சொல்லிடுவாரா?"

மகள் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பழக வந்தவர்கள் அடுத்தடுத்து நின்றுவிடவே, மாஸ்டர் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார். ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தானே அடித்தார். மாப்பிள்ளை பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"லிமிட்டை எடுத்திருக்காங்க மாமா."

"எடுத்தா என்ன? வேகம் கூடத்தானே செய்யும்?"

"இந்தத் திரையால விநாடிக்கு அறுபது படம்தான் காட்ட முடியும். மீதியெல்லாம் வரைஞ்சு தூக்கிப் போடுற படம். காலி ரோட்டுல வரையறதுக்கு ஒண்ணும் இல்லாததால கண்ணு மண்ணு தெரியாம வரைஞ்சு தள்ளுது. கடைத்தெருவுல வேலை ஜாஸ்தி, தானா அடங்கிடும். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பிச்சு, வண்டி எங்க நிக்குதுன்னு கணக்குப் போடறதும் இதே மெஷின்தான். அதுக்கு மூச்சு விட நேரமில்லை, சூடும் ஏறுது. அப்புறம் படம் சீரா வராது. நாலு சேர்ந்தாப்ல வரும், பிறகு ஒரு இடைவெளி விழும். மூலையில தெரியற எண்ணு சராசரிதான், இடைவெளியைச் சொல்லாது."

அறுபதைத் திரும்பப் போட்டார். மாஸ்டர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். காலிச் சாலை எண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. லிமிட்டை எடுத்தது யார் என்று மாப்பிள்ளை கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை. மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இனிமே பள்ளியை நீங்களே பாத்துக்கங்க மாப்பிள்ளை. பாஸ்வேர்டும் சொல்லிடறேன்."

மாப்பிள்ளை மெஷினை அணைத்தார்.

"நானே பேசணும்னு இருந்தேன் மாமா. எதிர்ப் பள்ளிக்காரர் ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டிருந்தார். மாமாவை விட்டு வரமாட்டேன்னு ஒவ்வொரு தடவையும் டீக்கடையில வச்சு சொல்லிட்டு வருவேன். இன்னைக்குக் காலைல சரின்னுட்டேன். வீடும் பாத்தாச்சு."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, மாஸ்டருக்கு முதலில் வந்தது நிம்மதி. நாம் சந்தேகப்பட்டது சரியாகத்தானே போயிற்று! பிறகுதான் உறைத்தது, இன்று காலை வரை அது பொய்யாக இருந்ததென்று.

"அவளும் ஒத்துக்கிட்டாளா?"

"அவதான் சரின்னு சொல்லிட்டு வரச் சொன்னா, மாமா."